காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை

கப்பலூர் துணைமின் நிலையத்தில் பராமரிப்புப் பணி
என்று பேப்பரில் நாலு வரி.
எனக்கு அது
பெரியார் நிலையத்தில் ஐந்தரை மணி பஸ்.

யூபிஎஸ் நாற்பது நிமிஷம் தாங்கும்
என்று எழுதி ஒட்டியிருக்கிறது.
மில்லில் நாலு சர்வர்.
நாலையும் தூங்கவைக்க வேண்டும்,
அததற்குத் தெரிந்த பாஷையில்.

பஞ்சு இருப்புக்கு லினக்ஸ்.
கேள்வி கிடையாது. ஒரு வரி அடித்தால்
கண்ணை மூடிக்கொள்ளும்.
தப்பான ஜன்னலில் அடித்தாலும் மூடும்.
போன ஆடியில் மூடியது.
பதினோரு லாரி கேட்டில் நின்றது.

ஆர்டர் பார்ப்பதும் லினக்ஸ்தான், வேறு வீட்டுப் பிள்ளை.
மேலூரில் ஒரு சொல், உசிலம்பட்டியில் வேறு சொல்.
அங்கே பழகிய விரல்
இங்கே வந்து இல்லாத கோப்பைத் தேடும்.

எடைமேடைக்கு ஏஐஎக்ஸ்.
வாங்கிய மேனேஜர் ஓய்வு பெற்றுவிட்டார்.
விற்ற ஏஜென்சி இருந்த இடத்தில் இப்போது பரோட்டாக் கடை.
அதன் குணம் தெரிந்த செல்வின்துரை
மஸ்கட்டில் இருக்கிறார்.
கூப்பிட்டால் எடுப்பார். எடுத்ததும் கேட்பார்:
"இன்னுமா அது ஓடுது?"

சம்பளத்துக்கு விண்டோஸ்.
ஏன் அணைக்கிறாய் என்று காரணம் கேட்கும்.
பட்டியலில் ஒன்றைத் தொட்டால்தான் விடும்.
திட்டமிட்டது என்று தொடுவேன்.
திட்டம் மின்வாரியத்தினுடையது.

எட்டு நாற்பதுக்கே கரண்ட் போய்விட்டது.
ஏஐஎக்ஸ் ஏற்கெனவே உறங்கியிருந்தது.
லினக்ஸ் இரண்டும் சொன்ன சொல் கேட்டன.
விண்டோஸ் மட்டும்
முப்பத்தொரு சதவீதம், அணைக்க வேண்டாம் என்று
வட்டம் வட்டமாகச் சுற்றிக்கொண்டிருந்தது.
பன்னிரண்டாவது நிமிஷத்தில் யூபிஎஸ் ஒரு தடவை கீச்சிட்டது.
அவ்வளவுதான்.
பேட்டரி மாற்றக் கேட்ட மனு
மூன்றாவது வருஷமாக மேஜையில் இருக்கிறது.

இருட்டில் வேலை இல்லை என்று யார் சொன்னது?
கணக்குப் பிரிவு தெய்வநாயகம் ஒரு தாள் கொடுத்தார்:
நாலுக்கும் செலவு என்ன,
ஒன்றாக்கினால் மிச்சம் என்ன.
மில் கேட்டில், வேப்பமர நிழலில், பேனாவால் போட்டேன்.
லைசென்ஸ். ஆண்டுச் சந்தா.
பேக்கப் மூன்று விதம். வைரஸ் காவல் இரண்டு விதம்.
ஏஐஎக்ஸுக்கு ஒரு ஹார்ட் டிஸ்க்,
பழைய சாமான் விலை, தங்க விலை.

ஒரே ஓட்டையை நாலு தடவை நாலு தேதியில் அடைப்பதற்கு
அந்தத் தாளில் கட்டம் இல்லை.
ஞாயிற்றுக்கிழமைகளுக்கும் இல்லை.
தை மாதம் கடைவாய்ப் பல்லில்
தற்காலிகமாகத்தான் என்று சொல்லி அடைத்து அனுப்பினார்
கே.கே. நகர் டாக்டர். மூன்று முறை நாள் குறித்தார்.
மூன்றும் பேட்ச் போடும் நாள்.
இது பங்குனி.
குளிர்ந்த தண்ணீரை இடது பக்கம் விடுவதில்லை.

ஒன்றாக்கும் செலவு
நாலையும் மூன்று வருஷம் கட்டி மேய்ப்பதைவிட அதிகம் வந்தது.
இரண்டு தடவை கூட்டிப் பார்த்தேன்.
தெய்வநாயகம் தாளை மடித்துப் பையில் வைத்தார்.
"ஓடுறதப் போயி எதுக்குத் தொடணும்?"
எம்.டி.யின் குரலில்தான் சொன்னார்.

ஐந்து பத்துக்குக் கரண்ட் வந்தது.
ஏஐஎக்ஸ் எழ இருபது நிமிஷம்.
சின்னக் கண்ணாடியில் எண்கள் மாறும்.
எந்த எண்ணில் நின்றால் என்ன நோய் என்பது
செல்வின்துரையின் டயரியில், அவர் கையெழுத்தில்,
பாதி சுருக்கம், பாதி நாகர்கோவில்.
எடைமேடையில் ராஜபாளையம் லாரி
எஞ்சினை அணைக்காமல் நின்றது.
எண் நின்றது. எனக்கு மூச்சு நின்றது.
மறுபடி நகர்ந்தது.
சீட்டு வெளியே வந்ததும்
டிரைவர் பார்க்காமலே மடித்துக் காதுக்கு மேல் செருகினார்.

கடைசியாக விண்டோஸ்.
எழுந்ததும் கேட்டது:
எதிர்பாராமல் நின்றிருக்கிறேன், ஏன்?
கீழே காலியாக ஒரு பெட்டி,
எழுதாமல் உள்ளே விடாது.

பல்வலி என்று அடித்தேன்.

ஏற்றுக்கொண்டது.